பாதி அறை சிவப்பு

வேலையில் சேர்ந்த முதல் நாள் காலை, கம்பெனி கேட்டுக்கு முன்னால் என் ஸ்கூட்டி நின்றுவிட்டது. உதைத்தேன், தள்ளினேன், அதன் பரம்பரையையே திட்டினேன். என்ன நினைத்ததோ, திடீரென்று தானாகவே உறுமிக்கொண்டு கிளம்பியது. அப்பாடா என்று ஏறி உட்காரும்போது பின்னாலிருந்து ஓர் அலறல்.

"ஐயையோ, ஏம்மா ஸ்டார்ட் பண்ண? ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு! இன்னொரு வாட்டி கெடட்டும்."

திரும்பினேன். குட்டையாக ஒரு பெண். கழுத்தில் மாட்டிய அடையாள அட்டை முதுகுப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது, கையில் டிபன் பை, முகமெல்லாம் சிரிப்பு. என்னைக் கேட்காமலே கை நீட்டிச் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார். தரையில் குந்தி உட்கார்ந்துகொண்டு, "இப்ப உதை" என்றார். உதைத்தேன். கிளம்பவில்லை. அவர் கைதட்டினார். சத்தியமாகக் கைதட்டினார்.

"வந்துடுச்சி பாரு!"

ஹேண்டிலை இடது பக்கம் ஒடித்தால் ஒரு வயர் இழுபட்டு விட்டுப்போகிறது என்று கண்டுபிடித்து, அதை எனக்கு நாலைந்து தரம் செய்து காட்டி முடித்தபோது எனக்கு நன்றாகவே தாமதமாகியிருந்தது. மேனேஜர் முறைத்தார். அந்த அம்மாள் எனக்காகப் பரிந்துகொண்டு வந்தார். "திட்டாதீங்க சார். இவ வண்டி என்ன அழகா கெட்டுச்சி தெரியுமா?"

இப்படித்தான் அக்கா எனக்கு அறிமுகமானார். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே போன் போட்டு, "என்னைப் பத்தி எழுதினியாமே, இன்னொரு வாட்டி எழுது" என்பார்.

எங்களுடையது ஓசூரில் ஒரு சின்ன கம்பெனி. குளிர் அறைகளும், பழம் பழுக்கவைக்கும் அறைகளும் செய்து கொடுப்பார்கள். அறைக்குள் எங்கே எவ்வளவு சூடு, எவ்வளவு குளிர் என்று அளந்து படம் போட்டுக் கொடுப்பது எங்கள் இரண்டு பேரின் வேலை. நான் சென்சார் கட்டுவேன். அக்கா அந்த எண்களையெல்லாம் கணினியில் போட்டு, நீலத்திலிருந்து சிவப்பு வரை நிறம் நிறமாக வரைபடம் எடுப்பார். நான் தூத்துக்குடிக்காரி, எனக்கு எதுவும் சட்டுபுட்டென்று முடிய வேண்டும். கெலமங்கலத்துக்காரரான அவருக்கு எதுவும் முடியவே கூடாது. எங்களை ஒரே அறையில் போட்டவர் நல்ல தமாஷ்காரராக இருக்க வேண்டும்.

எந்தக் கோளாறையும் அக்கா உடனே சரிசெய்ய விடமாட்டார். முதலில் அதை இன்னொரு தடவை கெடுத்துக் காட்ட வேண்டும். ஒரு தடவை வந்து போன கோளாறு அவரைப் பொறுத்தவரை விருந்தாளி, மறுபடியும் வந்தால்தான் நம் வீட்டு ஆள். விருந்தாளியை விசாரணை செய்ய முடியாதாம். வீட்டில் தெலுங்கு என்பதால் "இங்கோசாரி" என்பார், கடைத்தெருவில் "இன்னொந்து சல" என்று கன்னடத்தில் கேட்பார், எங்களிடம் "இன்னொரு வாட்டி". மூன்று மொழியிலும் ஒரே நச்சரிப்புதான்.

ஒரு நாள் கேன்டீன் சாம்பாரில் உப்புக் கரித்தது. ஊரெல்லாம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோயிற்று. இவர் மட்டும் சமையல்கட்டுக்குள் போய், "மாஸ்டர், நாளைக்கும் இதே மாதிரி செய்ங்க. ஒரு பொட்டு கூட மாத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். மாஸ்டருக்கு ரோஷம். மறுநாளும் அதே மாதிரி செய்தார். அதே கரிப்பு. அக்கா பக்கத்திலேயே நின்று பார்த்ததில், மாஸ்டர் ஒரு கை உப்புப் போட்டுவிட்டுத் திரும்ப, காய் நறுக்கும் அம்மா தன் பங்குக்கு ஒரு கை போடுவது தெரிந்தது. பல நாளாகவே இருவரும் போடுகிறார்களாம், கை அளவு அந்த இரண்டு நாளும் இருவருக்குமே கூடிவிட்டது. அக்காவுக்கு ஒரே குதூகலம். இரண்டு நாள் பட்டினி கிடந்த பெயின்டிங் செக்‌ஷன் ஆட்கள் அவரைத் தேடிக்கொண்டிருந்தது வேறு கதை.

இதைவிட நல்ல கதை அவருடைய கல்யாணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தபோது அவர் கணவரே சொன்னார். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் இடிந்துபோய் உட்கார்ந்திருக்க, இவர் மாப்பிள்ளைக்கே நேராகப் போன் போட்டிருக்கிறார்.

"வேணாம்னு சொன்னதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லீங்க. ஆனா எதனாலன்னுதான் புரியல. அடுத்த ஞாயித்துக்கெழம இன்னொரு வாட்டி அதே ஆளுங்களோட வந்து, அதே மாதிரி பாத்துட்டு, வேணாம்னு சொல்லுங்க. நானும் அதே பொடவதான் கட்டுவன்."

"பைத்தியமா இருக்குமோன்னு பாக்கத்தாங்க வந்தன்" என்றார் கணவர். வந்தார்கள். அதே நாற்காலிகள், அதே கேசரி. மாப்பிள்ளையின் பெரியம்மா உட்கார்ந்ததும் நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. போன தடவையும் அப்படிச் சாய்ந்து கீழே விழப் பார்த்து, சகுனம் சரியில்லை என்று அந்த அம்மாள்தான் காரியத்தைக் கெடுத்திருக்கிறார். பெரியம்மா தடுமாறியதைப் பார்த்ததும் மணப்பெண் கூடத்தின் நடுவில் நின்று கைதட்டியிருக்கிறார். கைதட்டிவிட்டு, காலண்டர் அட்டையைக் கிழித்து மடித்துக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாராம்.

"அதுக்கப்பறம் நான் யோசிக்கணும்னு சொல்லி இவர ஒரு மாசம் காய வுட்டன்" என்றார் அக்கா, அவர் இலையில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றியபடி.

இவ்வளவு சிரிப்பும் கூத்துமாக இருந்த அந்த மனுஷியை எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று புரிந்தது முனியப்பா விவகாரத்தில்தான்.

முனியப்பா கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறவர். அவரும் அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்களும் சேர்ந்து எங்களைக் கொண்டு ஒரு பழுக்கவைக்கும் அறை கட்டியிருந்தார்கள். மாங்கூழ் தொழிற்சாலைக்காரன் சொன்ன விலைக்குக் காயைத் தள்ளிவிடாமல் நாமே பழுக்கவைத்துப் பெங்களூருக்கு அனுப்பலாம் என்று ஒவ்வொரு வீடாகப் போய் எல்லோரையும் சம்மதிக்க வைத்தது அவர்தான். அறை தயார். சென்சார் கட்டி அளந்தாயிற்று. அறைக் கதவில் மாட்டி வைத்தால் எல்லோருக்கும் நம்பிக்கை வரும் என்று வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டுத் தரச் சொன்னார். அதுவரை நாங்கள் நிறப்படத்தை அச்சுக்கு அனுப்பியதே கிடையாது. அறிக்கையில் எப்போதும் திரையைப் படம் பிடித்து ஒட்டிவிடுவதுதான் வழக்கம். முதல் தடவையாக அச்சுக் கோப்பாக மாற்றி, பாகலூர் ரோட்டில் ஒரு பிரிண்ட் கடைக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை முனியப்பா எங்கள் அலுவலகத்துக்கே வந்து, அச்சாகி வந்த சுருளைப் பிரித்தார். பிரித்தவர் முகம் சுருங்கிவிட்டது. படத்தில் பாதி அறை ஆரஞ்சு, பாதி அறை சிவப்பு. நடுவில் வரப்புப் போட்ட மாதிரி ஒரு கோடு.

"இன்னாங்க மேடம் இது, பாதி ரூம் நெருப்பாட்டம் இருக்குது? அந்தப் பக்கம் அடுக்கற காய் வெந்துடாதா?"

மேனேஜர் ஓடிவந்தார். "அது இங்க் பிரச்சனைங்க. ஸ்கிரீன்ல பாருங்க, எவ்வளவு நல்லா இருக்கு. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பிடறேன், நீங்க தைரியமா லோடு பண்ணுங்க."

"போன்ல நல்லாக்குது, பேப்பர்ல கெட்டுப்போயிருக்குது. நான் எத நம்பறது சார்?" முனியப்பா அச்சுத்தாளை மேசைமேல் போட்டார். "காய எல்லாம் பறிச்சி கொட்டாயில போட்டாச்சி. சாயங்காலத்துக்குள்ள ரூம்ல ஏத்தலன்னா எல்லாரும் கூழ் கம்பெனிக்கு வண்டிய வுட்டுடுவாங்க. ஏத்தி கெட்டுப்போச்சின்னா, அப்பறம் என் பேச்ச எவன் கேப்பான்?"

அக்கா அச்சுத்தாளை வாங்கிப் பார்த்தார். கண் விரிந்தது. "எவ்ளோ சுத்தமா கெட்டிருக்குது! இன்னொரு வாட்டி பிரிண்ட் போடலாம்."

மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டு நாற்காலியில் விழுந்தார்.

அதே கோப்பை அதே கடையில் மறுபடியும் அச்சிட்டோம். அதே வரப்பு. கடைக்காரர் தன்மேல் பழி வருகிறதென்று கன்னடத்தில் எகிற, அக்கா அவரைத் தட்டிக்கொடுத்து, "கெடலன்னாதான் அண்ணா நான் அழுதிருப்பன்" என்றார். வேறு கடையில் அச்சிட்டோம். அங்கேயும் அதே வரப்பு. ஆகக் கடை குற்றவாளி இல்லை. திரையைப் படம் பிடித்து அதை அச்சிட்டோம், பட்டுப்போல வந்தது. ஆக மையும் தாளும் குற்றவாளி இல்லை. நான் அத்தோடு நிறுத்தியிருப்பேன்.

"அக்கா, இதான் நல்லா வருதுல்லா, இதையே குடுத்துருவோமே."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. கோவிலுக்குள் செருப்போடு வந்தவளைப் பார்க்கிற பார்வை. "ஒண்ணு அங்க கெடுதுன்னு தெரிஞ்சி, சுத்திக்கினு வேற வழியில போறதா? ஒக்காரு."

அச்சுக் கோப்பைத் திரையில் பெரிதாக்கி, படத்தின் ஓரத்தில் நீலம் முதல் சிவப்பு வரை ஓடும் அளவுப் பட்டையில் எத்தனை நிறம் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வேறு. கத்திரிப்பூ, மயில்கழுத்து, கீரை, வாழக்குருத்து, மஞ்சக்கெழங்கு, செங்காய், தக்காளி... பதினாறோடு நின்றுவிட்டது. எங்கள் வரைபடத்தில் இருக்க வேண்டியது இருநூற்றுச் சொச்சம்.

"பதினாறுக்கு மேல வேணாம்னு எவனோ இதுக்கு உத்தரவு போட்டு வெச்சிருக்கான். அவன் கெடச்சா கால்ல விழணும் புள்ள."

அவன் கிடைத்தான். எங்கள் பழைய வரைபட மென்பொருள் திறக்கும்போதெல்லாம் முதலில் ஒரு சின்ன கோப்பைப் படித்துவிட்டு வரும். அதில் ஒரு வரி: அச்சுக்குப் போகும் படங்களுக்குப் பதினாறே நிறம். அக்கா அந்த வரியைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு ஒரு கூச்சல்.

"நாந்தான்! நானேதான் போட்டன்!"

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரிய படங்கள் மெயிலில் போகாதாம். கோப்பைச் சின்னதாக்க நிறத்தைக் குறைத்தவர் திரும்ப ஏற்ற மறந்துவிட்டார். அத்தனை வருஷமும் எவரும் நிறப்படத்தை அச்சுக்கு அனுப்பாததால் அது சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அக்கா எழுந்து ஓடினார். மேனேஜர் அறைக்குப் போய்ச் சொன்னார், கேன்டீன் மாஸ்டரிடம் சொன்னார், கேட்டில் வாட்ச்மேனிடம்கூடச் சொல்லிவிட்டு மூச்சு வாங்க வந்தார். முனியப்பா என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"தப்பு பண்ணவங்க இவ்ளோ சந்தோசப்பட்டு நான் பாத்ததில்லீங்க. உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

அக்கா அவரைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தார். "அண்ணா, உங்க கிட்ட ரெண்டே கூடைதான் இருக்குது. ஒண்ணு காய்க்கு, ஒண்ணு பழத்துக்கு. செங்காய எதுல போடுவீங்க?"

"கொஞ்சம் இதுல, கொஞ்சம் அதுல."

"ஆங். அப்பறம் வந்து பாக்கறவன், இது அத்தனையும் காய், அது அத்தனையும் பழம்னு நெனப்பானா இல்லியா? இதுவும் அப்பிடித்தான். உங்க ரூமுக்குள்ள இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு டிகிரி கூட வித்தியாசம் இல்ல. கூடை பத்தல. அதான் நடுவுல கோடு விழுந்துடுச்சி."

முனியப்பாவையே அந்த வரியை மாற்றச் சொன்னார். அவர் ஒற்றை விரலால் எண்ணைத் தட்டினார். கோடு மறைந்தது. திரும்பப் பழைய எண்ணைப் போடச் சொன்னார். கோடு வந்தது. முனியப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரே இன்னும் இரண்டு தடவை கெடுத்துக் கெடுத்துச் சரிசெய்து பார்த்தார்.

புதிய அச்சு வந்தது. மேனேஜர் அதைப் பிடுங்கி மேசையில் விரித்து, ஏதோ தானே வரைந்ததுபோல விரலை ஓட்டினார். "பாருங்க, எங்கயாவது கோடு இருக்கா? இங்கேருந்து இது வரைக்கும் வழவழன்னு ஒரே சீரா... இந்த மூலையில..."

விரல் நின்றது. பின்சுவர் ஓரம், எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கருஞ்சிவப்புப் புள்ளி. பழைய அச்சில் அது அந்தப் பெரிய சிவப்புக்குள் முழுகிப்போயிருந்தது. திரையில் படம் உள்ளங்கை அளவு, அங்கே யார் உற்றுப் பார்த்தது?

"அப்ப நெசமாவே கெட்டுத்தான் இருக்குதா?" என்றார் முனியப்பா.

நான் அக்காவின் கைகளைப் பார்த்தேன். அவர் தட்டவில்லை. முனியப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டிபன் பையை எடுத்துக்கொண்டு, "வண்டி எங்க அண்ணா? கெளம்பலாம்" என்றார்.

முனியப்பாவின் குட்டியானையில் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு சூளகிரி வழியாகப் பறந்தோம். அறைக்கு வெளியே தகரக் கொட்டகை முழுக்க மாங்காய், அதைச் சுற்றித் தோப்புக்காரர்கள். ஒருவர் ஏற்கெனவே கூழ் தொழிற்சாலைக்குப் போன் போட்டு வைத்திருந்தார்.

உள்ளே போய்ப் பின்சுவரைத் தடவிப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. காற்றை உள்ளிழுக்கும் துவாரம் திறந்திருந்தது, கீழே எங்கள் ஆட்கள் விட்டுப்போன ஒரு பிளாஸ்டிக் தாள் கிடந்தது, அவ்வளவுதான்.

"ஒண்ணும் இல்லக்கா."

"ஃபேன் நிக்கும்போது பாத்தா என்ன தெரியும்? அளந்தப்ப ஓடிச்சில்ல? ஒண்ணையும் தொடாத. கதவ சாத்தி, ஃபேன போடு. நான் உள்ளயே இருக்கன்."

சாத்தினோம். ஃபேன் இரைந்தது. வெளியே முனியப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தக் கனமான கதவையும் தாண்டிக்கொண்டு உள்ளேயிருந்து கைதட்டல் கேட்டது. கூடவே, "வந்துடுச்சி! வந்துடுச்சி!"

திறந்தால், கையில் அந்த பிளாஸ்டிக் தாளோடு அக்கா நிற்கிறார். ஃபேன் ஓடினால் தாள் பறந்து போய்த் துவாரத்தில் அப்பிக்கொள்கிறது. நிறுத்தினால் ஒன்றும் தெரியாத மாதிரி கீழே விழுந்துவிடுகிறது. அந்த மூலைக்குக் குளிர்காற்றே போகவில்லை. தாளை எடுத்துவிட்டு மறுபடியும் சென்சார் வைத்து அளந்தேன். புள்ளி போய்விட்டது. பொழுது சாயுமுன் கடைசி கிரேட்டும் உள்ளே ஏறியது. முனியப்பா கதவைச் சாத்திவிட்டு, எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

பழம் எடுக்கிற நாள் எங்களையும் வரச் சொல்லியிருந்தார். கதவைத் திறக்கும்போது அவர் பார்க்க மாட்டேன் என்று ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். திறந்ததும் வாசனை அடித்தது. தோப்புக்காரர்கள் ஓவென்று கத்தினார்கள். அக்கா உள்ளே போய்ப் பின்மூலையிலிருந்து ஒன்றும் கதவோரத்திலிருந்து ஒன்றுமாக இரண்டு பழம் கொண்டுவந்தார். முனியப்பா அறுத்தார். கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றிச் சாப்பிட்டார்.

"எது எந்த மூலைன்னு தெரியல மேடம்" என்றார். அப்படியே தோளில் கிடந்த துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அக்கா ஒவ்வொரு கிரேட்டாகப் பார்த்துக்கொண்டு போனார். அமுக்கினார், முகர்ந்தார், அடியில் கைவிட்டுத் துழாவினார். நான் கிண்டலாகக் கேட்டேன், "என்னக்கா, ஒண்ணுகூட கெடலயா? பாவமா இருக்கு உங்கள பாத்தா."

"ஒண்ணுமே இல்ல புள்ள. எல்லாமே பழுத்துடுச்சி."

சொல்லிவிட்டுக் கவிழ்த்துப்போட்ட ஒரு கிரேட்டின்மேல் தொப்பென்று உட்கார்ந்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா அழுதுகொண்டிருந்தார்.

"நான் எப்பவோ போட்ட ஒரு வரி. அதனால இந்த மனுசன் அன்னிக்கு வெறுப்புல காய கூழுக்கு அனுப்பியிருந்தா? அந்த மூலையில ஒரு கிரேட்டு கெட்டிருந்தாலும் இவர் ஊருக்குள்ள தல காட்ட முடியாது. அன்னிக்கி ஆபீஸ் பூரா சிரிச்சிக்கினு சொல்லிட்டு வந்தன்ல? சிரிப்பெல்லாம் வெளியதான் புள்ள. இத்தன நாளும் சோறே எறங்கல."

ஒரு பழத்தைத் துடைத்து அவரிடம் நீட்டினேன். அவர் அழுதபடியே கடித்தார். கடித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, சாறு முழங்கை வரை ஒழுகியது. முனியப்பாவின் மனைவி தன் முந்தானையால் அவர் முகத்தைத் துடைக்கப் போய் இன்னும் அப்பிவிட்டார். அக்கா சிரிக்க, நான் சிரிக்க, எதற்கென்று தெரியாமலே முனியப்பாவும் சிரித்தார். பெங்களூர் லாரிக்காரர் நேரமாகிறதென்று ஹாரன் அடித்தார். அக்கா கையை உதறிக்கொண்டு எழுந்து, முதல் கிரேட்டை அவரே தூக்கிக்கொண்டு போனார்.